செடி வைரஸ் மேல் எதையாவது ஒட்டினால் நானோவா?

நிலவேம்பு – 3 ஜூன் 2023, காலை

பயிரைக் கெடுக்கிற வைரசை எடுத்து, அதன் மேல் சாயம், தங்கம், மருந்து என்று ஏதாவது ஒட்டி, நானோ தொழில்நுட்பம் என்று கட்டுரை போடுகிறார்கள். வருஷக்கணக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றாவது கடைக்கு வந்ததா? தங்கத் துகளாலோ பாலிமராலோ முடியாத எதை இந்த வைரஸ் செய்துவிடுகிறது? பெயர் கவர்ச்சியாக இருப்பதால் நடக்கிற ஆராய்ச்சி என்றே எனக்குத் தோன்றுகிறது. இதில் கைவைத்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

காராமணி – 3 ஜூன், இரவு

கைவைத்தவன்தான். ஆய்வு மாணவனாக வெளிநாட்டில் இருந்த வருஷங்கள் முழுக்க இதில்தான் போயின. உங்கள் கேள்வியில் பாதி நியாயம். மற்ற பாதிக்குப் பதில் சொல்கிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் இருந்தது காராமணி மொசைக் வைரஸ். ஆங்கிலச் சுருக்கம் சிபிஎம்வி. 1959ல் நைஜீரியாவில் முதலில் பதிவானது. குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர். பெரியது ஒன்று, சிறியது ஒன்று என இரண்டு புரதங்கள், ஒவ்வொன்றிலும் 60 நகல்கள். அவை சேர்ந்தால் இருபது முகம் கொண்ட கூடு. உள்ளே ஆர்.என்.ஏ. ஒரு இலையில் கோடானுகோடி துகள்கள் இருக்கும், அத்தனையும் ஒரே அளவு. தங்கத் துகள் வடை மாதிரி: மாவு ஒன்றுதான், கரண்டி ஒன்றுதான், ஆனாலும் ஒன்று பெரிது ஒன்று சிறிது.

அளவு மட்டும் இல்லை. இந்தக் கூட்டின் எக்ஸ் கதிர்ப் படம் அணு அளவில் இருக்கிறது. வெளிப்பரப்பில் எந்த அமினோ அமிலம் எங்கே நிற்கிறது என்று தெரியும். லைசின் என்ற அமினோ அமிலம் 300 இடங்களில் வெளியே தெரிகிறது, அலகுக்கு (பெரியதும் சிறியதும் சேர்ந்த ஒரு ஜோடிக்கு) ஐந்து வீதம். தங்கத்தின் மேல் எதையாவது ஒட்டினால் அது எங்கே போய் உட்கார்ந்தது என்று சொல்ல முடியாது. இதில் முகவரி சொல்லலாம். 2002ல் கலிபோர்னியாவில் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தின் ஃபின், ஜான்சன் குழு காட்டியது இதைத்தான். சாதாரண நிலையில் 300ம் ஒன்றாகப் பிடிக்காது. அலகுக்கு ஒன்று என 60 வரைதான் எளிதாகப் பிடிக்கும், மற்றவற்றுக்கு வற்புறுத்த வேண்டும் என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது.

கடைக்கு வந்ததா என்பதைப் பிறகு பார்ப்போம்.

காராமணி – 4 ஜூன்

தனிச்செய்தியில் ஒருவர், "எம்.ஐ.டி.யில் வைரசை வைத்துப் பேட்டரி செய்தார்களே, அதுவும் செடி வைரஸ்தானே" என்கிறார். இல்லை. அது எம்13, பாக்டீரியாவைத் தாக்குகிற வைரஸ். செடி வைரஸ் பேட்டரி வேறு. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் புகையிலை மொசைக் வைரசை வைத்துச் செய்தது. அதன் உறைப் புரதத்தில் ஒரு சிஸ்டீனைச் சேர்த்தார்கள். சிஸ்டீனில் கந்தகம் இருப்பதால் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். குச்சி வடிவத்தில் இருக்கும் இந்த வைரஸ்கள் தங்கத் தகட்டின் மேல் செங்குத்தாக நின்றன. அவற்றின் மேல் நிக்கல் பூசினார்கள். தட்டையான மின்முனையை விடப் பரப்பு பல மடங்கு கூடியது.

அந்தக் குச்சியின் அளவு: நீளம் 300 நானோமீட்டர், தடிமன் 18, நடுவில் 4 நானோமீட்டர் துளை. 2130 புரதங்கள் சுருளாக அடுக்கியிருக்கும். புரதம் ஒன்றில் 158 அமினோ அமிலங்கள். 1935ல் ஸ்டான்லி இதைப் படிகமாக்கினார். 1950களில் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் லண்டன் பர்க்பெக் கல்லூரியில் இதன் அமைப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். டி.என்.ஏ. கதையில் மட்டும் அவரை நினைக்கிறவர்களுக்கு இதையும் சொல்லிவைக்கிறேன்.

காராமணி – 7 ஜூன்

"இதை எப்படி வளர்ப்பீர்கள், தொட்டியிலா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், தொட்டியில்தான்.

விதை கலிபோர்னியா பிளாக்ஐ என்ற ரகம். பொட்டலத்தைப் பிரித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளைக் காராமணி, கறுப்புப் புள்ளியோடு. முதல் ஜோடி இலை விரிந்ததும் அதன் மேல் கார்போரண்டம் தூளை லேசாகத் தூவ வேண்டும். மணலை விட நுண்ணிய, சாம்பல் நிறத் தூள். வைரஸ் கரைசலில் கையுறை விரலைத் தோய்த்து இலைமேல் தடவினால், தூள் இலைச் செல்சுவரில் கீறல் போட்டு வைரசுக்கு வழி விடும். அழுத்தினால் மறுநாள் இலை பழுப்பாகிச் சுருண்டுவிடும். அழுத்தாவிட்டால் தொற்று பிடிக்காது. விரலுக்குப் பழகுவதைத் தவிர வழியில்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் புது இலைகளில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டு விழும். அப்போது அறுத்து உறையவைத்துவிடலாம்.

அப்புறம் மிக்சி. ஆமாம், சமையலறை மிக்சிதான், சமையலறைக்குத் திரும்பிப் போகாத மிக்சி. அரைத்து, துணியில் வடிகட்டி, குளோரோஃபார்மும் பியூட்டனாலும் கலந்து ஆட்டினால் பச்சையம் எல்லாம் கீழே இறங்கிவிடும். மேலே நிற்கிற நீரில் வைரஸ். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பாலிமரும் உப்பும் போட்டு வீழ்படிவாக்கி, கடைசியில் சர்க்கரைக் கரைசல் அடுக்கின் மேல் விட்டு அதிவேக மையவிலக்கில் சுற்ற வேண்டும். குழாயை இருட்டறையில் மேலிருந்து விளக்கடித்துப் பார்த்தால், நடுவில் நீலம் கலந்த வெண்மையில் பட்டைகள் மிதக்கும். ஆர்.என்.ஏ. இல்லாத வெற்றுக்கூடுகள் மேலே, ஆர்.என்.ஏ. உள்ளவை கீழே. அந்தப் பட்டையை ஊசியால் உறிஞ்சி எடுக்கும்போது கை நடுங்கக் கூடாது.

நல்லபடி போனால் ஒரு கிராம் இலைக்கு ஒரு மில்லிகிராம் அளவுக்குக் கிடைக்கும். இது நிறைய. காராமணிச் செடி தருகிற கொடையை எந்த வேதியியல் உலையும் இந்தச் செலவில் தராது.

ஒரு கோடையில் வளர்ப்பறையின் குளிர்சாதனம் இரவில் நின்றுபோய், காலையில் போனால் செடியெல்லாம் தலை தொங்கி நின்றது. அங்கிருந்த பராமரிப்புப் பிரிவுக்கு வேலைத்தாள் எழுதி, கையெழுத்து வாங்கி, அதற்கு மேல் இன்னொரு கையெழுத்து வாங்கி, ஆள் வந்து பார்ப்பதற்குள் அந்தப் பருவ அறுவடை போய்விட்டது. ஒட்டுகிற வேதியியலைப் பற்றிக் கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். செடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

காராமணி – 8 ஜூன்

நேற்றைய குறிப்பில் விட்டது. எங்கள் கண்ணாடிக் கூடத்தின் வாசலில் "புகைபிடித்தவர் கை கழுவி வரவும்" என்று ஒட்டியிருந்தது. அறிவுரை என்று நினைக்க வேண்டாம். சிகரெட் புகையிலையில் புகையிலை மொசைக் வைரஸ் உயிரோடு இருக்கும், விரல் வழியாக இலைக்குப் போய்விடும். தக்காளிக் கூடங்களில் வேலைக்காரர்கள் கையைப் பாலில் நனைத்துக்கொள்கிற பழக்கம் இதனால்தான் வந்தது. பால் புரதம் தொற்றைக் குறைக்கும்.

காராமணி – 12 ஜூன்

மரபணு வழியாக மாற்றுவதைப் பற்றி. மேலே சொன்னதெல்லாம் தயாரான துகளின் மேல் வேதிப்பொருளை ஒட்டுவது. இன்னொரு வழி, வைரசின் மரபணுவிலேயே எழுதிவிடுவது. அப்புறம் செடியே மாற்றிய துகளைச் செய்து தரும்.

இதில் நம்மூர்க்காரர் ஒருவர் முன்னோடி. 1993ல் வந்த கட்டுரை ஒன்றின் முதல் ஆசிரியர் ஆர். உஷா, மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியராக அறியப்பட்டவர். இங்கிலாந்தில் நாரிச் நகரத்து ஜான் இன்னஸ் மையத்தின் லோமனோசாஃப் குழுவோடு செய்த வேலை. கோமாரி நோய் வைரசின் புரதத்தில் ஒரு சின்னத் துண்டை, மாட்டின் எதிர்ப்பாற்றல் அடையாளம் காண்கிற துண்டை, சிபிஎம்வியின் சிறிய புரதத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கண்ணியில் செருகினார்கள். காராமணி இலையில் கோமாரி முகத்தோடு துகள் வந்தது. தடுப்பூசியைச் செடியில் விளைவிக்கலாம் என்ற பேச்சு அப்போதுதான் சூடு பிடித்தது.

ஆனால் ஒரு சிக்கல். செடியிலிருந்து செடிக்கு மாற்றிக்கொண்டே போனால், செருகிய துண்டை வைரஸ் கழற்றி எறிந்துவிட்டது. துண்டின் இரு பக்கமும் ஒரே மாதிரியான வரிசை இருந்ததால், மறுசேர்க்கையில் (மரபணுத் துண்டுகள் அறுந்து மறுபடி இணைவதில்) நடுவில் இருப்பது வெட்டுப்பட்டுப் போனது. அடுத்த ஆண்டே அந்த இரட்டிப்பு வரிசையை நீக்கி வேறு மாதிரிச் செருகி நிலைக்கவைத்தார்கள். 1997ல் இதே முறையில் செய்த துகள் மிங்க் என்ற ரோம விலங்கைக் குடல் வைரசிலிருந்து காப்பாற்றியது.

வைரசுக்கு நம் திட்டம் தெரியாது, அதற்குப் பெருகுவது ஒன்றுதான் வேலை. சுமை கூடினால் இறக்கிவைக்கும். முப்பது நாற்பது அமினோ அமிலங்களுக்கு மேல் போனால் தகராறு. துண்டில் நேர்மின்னூட்டம் அதிகம் என்றாலும் தகராறு. நான் செருகிய ஒரு துண்டு இந்த இரண்டாவது வகை. செடி ஆரோக்கியமாக, பசேலென்று, திட்டே இல்லாமல் நின்றது. தோட்டக்காரருக்கு மகிழ்ச்சி, எனக்கு இல்லை.

காராமணி – 12 ஜூன், சற்று நேரம் கழித்து

இதில் இன்னொரு நல்ல உதாரணம் அகத்தி. அகத்தி மொசைக் வைரஸ் ஆந்திரத்தில் அகத்திச் செடியிலிருந்து பிரித்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மூர்த்தி, சாவித்திரி குழுக்கள் அதன் அமைப்பைக் கண்டறிந்தன. 180 புரதங்கள் கொண்ட கூடு. அந்தப் புரதத்தின் முன்முனை வாலை வெட்டிவிட்டு ஈ.கோலை பாக்டீரியாவில் செய்தால், 180க்குப் பதில் 60 மட்டும் சேர்ந்து சின்னக் கூடாகிவிடும். கூட்டின் அளவை முடிவு செய்வது இந்த வால்தான் என்பதற்கு நேரடிச் சான்று. செடியே வேண்டாம், மையவிலக்குக்கு முன்னால் குளிர்சாதனப் பிரச்சினையும் வேண்டாம்.

காராமணி – 19 ஜூன்

"செடி வைரசை உடம்பில் ஏற்றுவதா? நாளைக்கு மனிதனுக்குத் தொற்றினால்?" என்று மூன்று பேர். ஒருவர் கொரோனாவையும் இழுத்திருக்கிறார்.

முதலில் இதைப் பாருங்கள். மிளகாயில் லேசான மொசைக் உண்டாக்கும் வைரஸ் ஒன்று இருக்கிறது. மனிதர் மலத்தில் மிக அதிகமாகக் காணப்படும் ஆர்.என்.ஏ. வைரஸ் அதுதான் என்று 2006ல் தெரிந்தது. மிளகாய்ச் சாஸ்களிலும் இருந்தது. கழிவுநீரில் மனிதக் கழிவு கலந்திருக்கிறதா என்று அளக்க இதையே அடையாளமாக வைத்திருக்கிறார்கள், கொரோனாக் காலக் கழிவுநீர்ச் சோதனைகளில் ஒப்பீட்டு அளவாகவும் பயன்பட்டது. காரக்குழம்பு சாப்பிடுகிற நாம் இதைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. புகையிலை மொசைக் வைரசுக்கு எதிரான ஆன்டிபாடிகூட மனித ரத்தத்தில் இருக்கிறது.

செடி வைரஸ் நம் செல்லில் பெருகாது, அதற்கான கருவிகள் வேறு. ஆனால் "பெருகாது" என்பதும் "ஒன்றும் செய்யாது" என்பதும் ஒன்றல்ல. சிபிஎம்வி நம் ரத்தக் குழாய்ச் செல்களின் பரப்பில் இருக்கும் விமென்டின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. காராமணிக்கும் விமென்டினுக்கும் என்ன உறவு? ஒன்றும் இல்லை, தற்செயல். எதிர்ப்பாற்றல் மண்டலமும் இதைச் சும்மா விடாது. 30 நானோமீட்டரில், ஒரே மாதிரிப் புரதம் வரிசையாகத் திரும்பத் திரும்ப நிற்கிற பொருள் எதுவானாலும் நம் உடம்புக்கு அது வைரஸ்தான்.

நாங்கள் இதைப் பெரிய தொல்லையாக நினைத்தோம். மருந்து ஏற்றி அனுப்பினால் வழியிலேயே மடக்கிவிடும் என்று, துகளைச் சுற்றிப் பாலிஎத்திலீன் கிளைக்கால் நூல்களை ஒட்டி மறைப்போம். மறைக்கிறோம் என்பதே முழுநேர வேலை.

காராமணி – 20 ஜூன்

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்துவிட்டு யோசித்தேன். நிலவேம்புவின் கேள்விக்கு நிஜப் பதில் இங்கேதான் இருக்கிறது.

2016ல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியின் ஃபியரிங் குழுவும் நிக்கோல் ஸ்டெய்ன்மெட்ஸ் குழுவும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். சிபிஎம்வியின் வெற்றுக்கூடு. உள்ளே மருந்து இல்லை, மேலே எதுவும் ஒட்டவில்லை. நுரையீரலில் மெலனோமா (நிறமிச் செல் புற்றுநோய்) கட்டிகள் உள்ள எலிகளுக்கு மூச்சுவழி கொடுத்தார்கள். கட்டிகள் அடங்கின. வேறு வகைக் கட்டிகளில் நேரடியாக ஊசி போட்டும் பலன். கட்டிக்குள் துகள் போனதும் அங்கே தூங்கிக்கொண்டிருந்த எதிர்ப்பாற்றல் செல்கள் விழித்துக்கொள்கின்றன, அப்புறம் கட்டியையும் சேர்த்துத் தாக்குகின்றன. பிறகு நாய்களுக்கு வந்த இயற்கையான புற்றுநோய்களிலும், வாய் மெலனோமாவிலும் பால்சுரப்பிப் புற்றிலும், மற்றச் சிகிச்சைகளோடு சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள்.

அதாவது, நாங்கள் மறைக்கப் பாடுபட்ட குணம்தான் மருந்து! 300 லைசின் கொக்கிகளில் எதை மாட்டலாம் என்று ஒரு தலைமுறையே மண்டையை உடைத்துக்கொண்டது. கொக்கியில் ஒன்றும் மாட்டாமல் விட்டதுதான் ஜெயித்தது. கூட்டின் புரதத்தையும் உள்ளே இருக்கும் ஆர்.என்.ஏ.வையும் நம் செல்களின் தனித்தனி உணரிகள் கண்டுகொள்கின்றன. அதனால் ஆர்.என்.ஏ. உள்ள துகளுக்கு வெற்றுக்கூட்டை விட வீரியம் அதிகம். செடிக்குத் தொற்றாதபடி அந்த ஆர்.என்.ஏ.வைப் புற ஊதாக் கதிரால் முடக்கிவிடலாம்.

இன்னொரு விசித்திரம். மற்றச் செடி வைரஸ்களையும் இதே மாதிரிப் போட்டுப் பார்த்தார்கள். சிபிஎம்வி அளவுக்கு எதுவும் எடுபடவில்லை. அளவு ஒன்று, வடிவம் ஏறக்குறைய ஒன்று, ஆனாலும் இல்லை.

நிலவேம்பு – 20 ஜூன்

அப்படியானால் நான் சொன்னதுதானே? ஒட்டுகிற வேலை வீண்.

காராமணி – 22 ஜூன்

அவ்வளவு சீக்கிரம் முடிக்காதீர்கள். செம்பு வைத்து அசைடையும் அல்கைனையும் இணைக்கிற கிளிக் வேதியியல் இருக்கிறதே, ஷார்ப்லெஸ் 2022ல் நோபல் வாங்கியது, அதைப் புரதத்தின் மேல் செய்யலாம் என்று 2003ல் காட்டியது சிபிஎம்வியின் மேல்தான். செம்பு துகளைச் சிதைக்கும், அதைத் தடுக்கச் செம்பைப் பிடித்துவைக்கிற ஈனி (லிகண்ட்) வேண்டும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. இன்று எத்தனையோ மருந்து ஆய்வகங்கள் அந்த முறையைப் பயன்படுத்துகின்றன. வைரஸ் பாடப்புத்தகமாகவாவது பயன்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே ஏற்றுவதும் ஒட்டுவதும் வேறு வேறு என்பதையும் பார்க்க வேண்டும். காராமணியிலேயே இன்னொரு வைரஸ் உண்டு, சிசிஎம்வி. கரைசலின் அமில-கார அளவான பி.எச். 6.5க்கு மேல் போனால் அது பத்து சதவீதம் போல உப்பி, 60 துளைகள் திறக்கும், துளை ஒன்று 2 நானோமீட்டர். பி.எச்.சைக் குறைத்தால் மூடிக்கொள்ளும். 1998ல் டக்ளஸும் யங்கும் இதற்குள் டங்ஸ்டேட் உப்பை விட்டுக் கதவை மூடிப் படிகமாக்கினார்கள். பிறகு உள்சுவரின் நேர்மின்னூட்டத்தை மரபணு வழியாக எதிர்மின்னூட்டமாக மாற்றினார்கள், இரும்பு ஆக்சைடு உள்ளே விளைந்தது. உறையின் வெளிப்பக்கத்தில் கைவைக்கவே இல்லை. எனக்கு இந்தத் துறையில் அழகான வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

காராமணி – 25 ஜூன்

கடை விஷயம். நிலவேம்பு முதல் நாளே கேட்டது.

புளோரிடா மேய்ச்சல் நிலங்களில் சுண்டை வகையைச் சேர்ந்த ஒரு முள்களை பரவிக் கிடக்கிறது, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. புகையிலையைத் தாக்கும் இன்னொரு மொசைக் வைரசைத் தெளித்தால் அந்தக் களை செத்துவிடுகிறது. மொசைக் திட்டோடு நிற்பதில்லை, வைரசை எதிர்க்கிற வேகத்தில் செடி தன்னையே அழித்துக்கொள்கிறது. இதைக் களைக்கொல்லியாக விற்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அனுமதி கொடுத்திருக்கிறது. இதுவும் மாற்றாத வைரஸ்தான், கவனித்தீர்களா?

ஆனால் வயலில் சுமை தூக்கும் வேலைக்கு வைரசை மாற்றித்தான் ஆக வேண்டும். வேர்முடிச்சு நூற்புழுவுக்கு அபாமெக்டின் நல்ல மருந்து, ஆனால் மண்ணில் ஊற்றினால் மேல்மண்ணிலேயே ஒட்டிக்கொண்டு வேருக்குப் போகாது. வட கரோலினாவில் சிவப்புக் குளோவர் செடியின் வைரஸ் ஒன்றை எடுத்து, அதன் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் உறிஞ்சித் துளை திறக்கவைத்து, அபாமெக்டினை உள்ளே ஏற்றி மூடினார்கள். கூட்டுக்குள் இருக்கும்போது மருந்து மண்ணில் நகர்கிறது. செடி வைரஸ் மண்ணிலும் நீரிலும் கிடந்து பழகியது, அதற்கு இது புது வேலையில்லை. என்னைக் கேட்டால் பேட்டரியை விட, ஏன் புற்றுநோயை விடவும், இந்த வகை முதலில் விவசாயியிடம் வரும். விலைதான் கேள்வி. ஏக்கருக்கு எத்தனை கிராம் வைரஸ், அதற்கு எத்தனை கிலோ இலை என்ற கணக்கைக் கட்டுரைகளில் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்காது.

காராமணி – 2 ஜூலை

கல்லூரி ஆசிரியர் ஒருவர் கேட்கிறார்: அதிவேக மையவிலக்கு இல்லாத ஆய்வகத்தில் மாணவர்களுக்கு இதில் எதையாவது காட்ட முடியுமா?

முடியும், புகையிலை மொசைக் வைரசோடு. அது வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய வைரஸ் இல்லை, ஆனாலும் உங்கள் பல்கலைக்கழக உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், மிளகாய், தக்காளி வயல் பக்கம் கூடம் வைக்காதீர்கள். 1967ல் வந்த முறை ஒன்று இருக்கிறது: பியூட்டனால் விட்டுச் சாற்றைத் தெளியவைத்து, பாலிஎத்திலீன் கிளைக்காலும் உப்பும் போட்டு வீழ்த்துவது. சாதாரண மையவிலக்கு போதும். தெளிந்த கரைசலை லேசாகச் சுழற்றி, ஒளியைத் துருவப்படுத்தும் இரண்டு தகடுகளுக்கு நடுவில் வைத்துப் பார்த்தால் குச்சிகள் ஒரே திசையில் வரிசையாகும்போது ஒளி அலையலையாக ஓடும். மாணவர்களுக்கு அது போதும். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு வெளியே அனுப்புவதாக இருந்தால் யுரேனைல் அசிடேட் (யுரேனிய உப்பு) சாயம் அவர்களே போட்டுத் தருவார்களா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். உங்கள் கல்லூரியில் அதை வாங்கிவைப்பது தனித் தலைவலி. பியூட்டனால் நெடி மூன்று நாள் போகாது, புகைபோக்கிப் பெட்டிக்குள் மட்டும் செய்யுங்கள்.